நிற்கும் வண்டிக்கும் காவல் வேண்டும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

இம்மேடையில் பேசுவதற்குரிய புலமை எனக்கு இல்லை. மெட்ரிக் வரையில் படித்து, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்கிறவன் நான். இலக்கியம் பேச வல்லவர்கள் இச்சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆயினும், "உங்கள் வீட்டில் நடந்ததை எல்லோரும் அறியச் சொல்லுங்கள், பத்துக் குடும்பங்களுக்காவது பயன்படும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தமையால் துணிந்து வந்திருக்கிறேன். நீண்ட நாள் ஓடாமல் நிறுத்தி வைக்கும் மின்சார வண்டிகளின் பாட்டரியைப் பாதுகாப்பது எப்படி என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நகரமும் மின்சாரமும்

இந்தியாவில் முதல் மின்சார ரயில் ஓடியது நம் நகரத்தில்தான். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு அந்த வண்டி சென்றது. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ரயிலுக்கு வேண்டிய மின்சாரம் தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து வருகிறது. வண்டி நின்றுவிட்டால் அது கம்பியிலிருந்து எடுப்பதையும் நிறுத்திவிடலாம், கவலை இல்லை.

இன்று நம் காலனிகளில் நிற்கும் மின்சார ஸ்கூட்டர்களின் நிலை வேறு. அவை தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தம் வயிற்றிலேயே சுமந்து செல்கின்றன. அவற்றில் பல ஓசூரிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்திலும், ராணிப்பேட்டையிலும் செய்யப்பட்டவை. நம்மைப் போலவே தமிழ்நாட்டில் பிறந்து, பிழைப்புக்காகப் பம்பாய்க்கு வந்தவை என்று சொன்னால் தவறாகாது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலும் இவ்வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

கோடை விடுமுறை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாகர்கோவில் வண்டியிலோ திருநெல்வேலி வண்டியிலோ இடம் பிடித்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஊருக்குப் போய்விடுகிறோம். போகுமுன் கேஸை மூடுகிறோம், பால்காரரிடம் சொல்கிறோம், துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்படி பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கிறோம். ஆனால் கீழே நிற்கும் ஸ்கூட்டரை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. உறையைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

என் வீட்டில் நடந்தது

என் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, காலனி வீடுகளுக்கும் சில கடைகளுக்கும் கொடுத்து வருகிறாள். அந்த வருவாயில் மாதத் தவணை கட்டி வாங்கியது எங்கள் ஸ்கூட்டர். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவளே ஓட்டுவாள், காலை ஏழு மணிக்குள் மாவு போய்ச் சேர வேண்டிய இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் குடும்பத்தோடு அம்பாசமுத்திரம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திற்குச் சென்றோம். புறப்படுவதற்கு முந்திய நாள் முழுதும் வண்டிக்கு ஓயாத வேலை. இரவில் நிறுத்தியபோது பத்துச் சதவிகிதந்தான் மீதம் இருந்தது. "இனி ஒரு மாதம் ஓடப் போவதில்லையே, வந்து சார்ஜ் செய்துகொள்ளலாம்" என்று சொன்னவன் நான்தான்.

ஊரில் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விடுப்பு முடிந்ததும் நான் மட்டும் திரும்பினேன். என் மனைவி மூன்று மாதம் அங்கேயே தங்கி, அம்மா ஊன்றுகோல் பிடித்து நடக்கும் வரையில் உடனிருந்தாள். அந்த நாட்களிலெல்லாம் நான் அந்த ஸ்கூட்டரின் அருகே நடந்துதான் ரயிலுக்குப் போனேன், வந்தேன். ஒரு நாளும் உறையை நீக்கிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் அவள் வந்து சாவியைத் திருப்பியபோது விளக்கு எரியவில்லை. சார்ஜரைச் செருகினாலும் பாட்டரி ஏற்க மறுத்தது. பழுது பார்க்கும் நிலையத்தில் சோதித்துவிட்டு, "கலங்கள் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டன, நீண்ட நாள் நிறுத்தும் முறையைக் கைப்புத்தகத்தில் எழுதியிருக்கிறோம், ஆகவே இது உத்தரவாதத்தில் சேராது" என்றார்கள். புதிய பாட்டரிக்கு 60,000 ரூபாய்க்கு மேல் விலை. அந்தக் கைப்புத்தகம் இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. அலுவலகத்தில் நாள் முழுதும் விதிப்புத்தகம் புரட்டுகிறவன், என் வீட்டு வண்டியின் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. என் தாய்க்காக அவள் மூன்று மாதம் அங்கே இருந்தாள். அவள் வண்டியை அந்த நாட்களில் நான் இங்கே பார்த்துக்கொள்ளவில்லை. அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆட்டோ வைத்து மாவு கொண்டுபோய்க் கொடுத்தாள்; வந்த லாபம் ஆட்டோவுக்கே போயிற்று.

இந்த நிலையில் சாலையோரத்துக் கடைக்காரர் ஒருவர், "முந்நூறு ரூபாய் கொடுங்கள், பெட்டியைத் திறந்து நேரே கரண்டு கொடுத்து எழுப்பிவிடுகிறேன்" என்றார். எனக்கு ஆசை வந்தது. அப்போது என்னைத் தடுத்தவர், மாட்டுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அண்ணாச்சி. "தம்பி, அந்த பாட்டரி சார்ஜ் ஏற்காமல் பூட்டிக்கொண்டது உன்னைக் காப்பாற்றத்தான்" என்றார் அவர். அன்று அவர் விளக்கியதும், பின்பு நான் படித்தறிந்ததுமே இனி நான் கூறப் போவது.

இரு வகைப் பாட்டரிகள்

நாம் பழகும் வண்டிகளில் இரு வகைப் பாட்டரிகள் உள்ளன. ஒன்று ஈய அமில வகை. பிரான்சு நாட்டு பிளாண்டே என்பவர் 1859-இல் கண்டுபிடித்தது. மற்றொன்று லித்தியம் அயனி வகை. 1991-இல் ஜப்பானில் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிகோலிய குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் நம் தமிழகத்திற்கும் பங்கு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் பாட்டரி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கிறது.

இவ்விரு வகைகளின் இயல்பும் ஒன்றுக்கொன்று நேர் மாறானது. இதை அறியாமையால்தான் பலருக்கு நட்டம் ஏற்படுகிறது.

ஈய அமில பாட்டரியை முழுதாக நிரப்பி வைக்க வேண்டும். மின்சாரம் குறைந்த நிலையில் அதை வைத்தால், தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு படிந்து, நாளடைவில் கெட்டியான படிகங்களாக இறுகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் அது கரைவதில்லை. நாம் பயணம் செய்யும் ரயில் பெட்டிகளின் அடியில் 110 வோல்ட் பாட்டரி உண்டு. பல பெட்டிகளில், வண்டி ஓடும்போது அச்சோடு இணைந்த மின்னாக்கி சுழன்று அதனை நிரப்புகிறது. வண்டி நின்றுவிட்டால் நிரப்புவார் இல்லை. ஆகையால், பெட்டிகள் நிற்கும் இடங்களில் வெளியிலிருந்து மின்னேற்றம் செய்ய ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஊரடங்கின்போது நம் காலனிகளில் நின்றுபோன பெட்ரோல் வண்டிகளின் பாட்டரிகளும் பல இறந்தன. ஓடும்போது கெடாத பொருள் நிற்கும்போது கெடும் என்பதை அன்று பலர் கண்கூடாகக் கண்டார்கள்.

விலை குறைந்த, மெதுவாக ஓடும் சில ஸ்கூட்டர்களிலும், பல ஈ-ரிக்ஷாக்களிலும், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் இன்வெர்ட்டரிலும் இருப்பது இவ்வகைதான். இவற்றை முழுதும் நிரப்பி, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒரு முறை மீண்டும் நிரப்ப வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரின் அளவையும் பார்க்க வேண்டும்.

லித்தியத்தின் மூன்று பகைகள்

இப்போது விற்கும் பெரும்பாலான ஸ்கூட்டர்களிலும் கார்களிலும் இருப்பது லித்தியம் வகை. நீண்ட ஓய்வில் இதற்கு மூன்று பகைகள் உண்டு. அவை நிறைவு, வறுமை, வெப்பம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். நூறு சதவிகிதம் நிரம்பிய லித்தியம் கலத்தின் உள்ளே வேதியியல் அழுத்தம் மிகுதி. மின்வாய்க்கும் அதனைச் சூழ்ந்த திரவத்திற்கும் இடையே வேண்டாத வினைகள் விரைந்து நடந்து, கொள்ளளவைத் தின்றுகொண்டேயிருக்கின்றன. வெப்பம் அதனை மேலும் விரைவுபடுத்துகிறது. பாட்டரி பற்றிய நூல்களில் பழைய கோபால்ட் வகைக் கலங்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஓராண்டு 25 டிகிரி வெப்பத்தில், 40 சதவிகித நிரப்பில் வைத்த கலத்தில் 96 பங்கு கொள்ளளவு எஞ்சுகிறது. முழுதாக நிரப்பி வைத்ததில் 80 பங்கு. 40 டிகிரி வெப்பத்தில் இதுவே 85, 65 என்று குறைகிறது. இன்றைய வகைகள் இவற்றினும் உறுதியானவை. எனினும் இயல்பு மாறவில்லை. மே மாதத்தில் நம் நகரின் பகல் வெப்பம் 33, 34 டிகிரி. தகரக் கூரையின் கீழ் அதைவிட எவ்வளவோ மிகுதி.

வறுமை இதனினும் கொடியது. கலத்தின் மின்னழுத்தம் அளவுக்கு மிகவும் கீழே நெடுநாள் இறங்கிக் கிடந்தால், உள்ளேயுள்ள செப்புத் தகடு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குகிறது. அந்நிலையில் கட்டாயமாக மின்னேற்றினால், கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீயில் முடியலாம். ஆகவேதான் பாட்டரிக்குள் அமைந்த காவல் சுற்று, மின்சாரத்தை ஏற்க மறுத்துப் பூட்டிக்கொள்கிறது. சாலையோரக் கடையில் அந்தப் பூட்டை உடைப்பது, வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஒப்பாகும். அண்ணாச்சி என்னைத் தடுத்ததன் காரணம் இதுவே.

"ஓடாத வண்டியில் மின்சாரம் எங்கே போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். கலம் தானாக இழப்பது மாதத்திற்கு இரண்டு மூன்று சதவிகிதமே. ஆனால் இன்றைய வண்டி உறங்குவதில்லை. திருட்டு எச்சரிக்கை, இருக்குமிடம் காட்டும் கருவி, கைப்பேசியோடு பேசும் கருவி ஆகியவை இரவும் பகலும் விழித்திருக்கின்றன. எழுத்தனாகிய நான் போட்ட கணக்கைக் கேளுங்கள். இவையெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாட் மட்டும் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 24 வாட்-மணி. எங்கள் பாட்டரியின் கொள்ளளவு 3 யூனிட், அதாவது 3,000 வாட்-மணி. அதில் பத்துச் சதவிகிதம் 300. முந்நூறை இருபத்து நான்கால் வகுத்தால் பன்னிரண்டரை நாள். நாங்கள் ஊரில் மாம்பழம் உண்டுகொண்டிருந்த இரண்டாம் வாரத்திலேயே வண்டி வறண்டுவிட்டிருக்க வேண்டும். பாதி நிரப்பி வைத்திருந்தால், அதே கணக்கில் 62 நாள் தாங்கியிருக்கும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, கைப்புத்தகத்தைத் திறந்து "நீண்ட நாள் நிறுத்துதல்" என்னும் பகுதியைப் படியுங்கள். நான் சொல்வதற்கும் அது சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் அதனையே பின்பற்றுங்கள். சில கார்களைச் செருகியே வைக்கும்படி செய்தவர்களே சொல்வதுண்டு.

இரண்டாவது, லித்தியம் வண்டியை ஐம்பது, அறுபது சதவிகிதத்தில் நிறுத்துங்கள். வண்டியை ஓட்டி வந்த சூட்டோடு மின்னேற்றாமல், ஆறிய பின்பு ஏற்றுங்கள். சார்ஜரைச் செருகியபடியே விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, சாவியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பல ஸ்கூட்டர்களில் இருக்கைக்கு அடியில் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறது. அதனைக் கீழே தள்ளிவிட்டால் விழித்திருக்கும் கருவிகளின் செலவு பெரும்பாலும் நின்றுவிடும். கழற்றக்கூடிய பாட்டரியாயின் கழற்றி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுப்பின் அருகிலோ, துணி மூட்டைகளின் நடுவிலோ, வெளியேறும் வாயிலை அடைத்தாற்போலவோ வைக்கலாகாது.

நான்காவது, கார் வைத்திருப்பவர்களுக்கு. மின்சாரக் காரிலும் பெரும்பாலும் 12 வோல்ட் சிறிய பாட்டரி ஒன்று தனியே உண்டு. பல கார்களில் அது ஈய அமில வகை. பெரிய பாட்டரி நிறைந்திருந்தும், இச்சிறியது இறந்துவிட்டால் கதவுகூட எளிதில் திறக்காது. அதற்கும் கைப்புத்தகம் கூறும் வழியைச் செய்து வையுங்கள்.

ஐந்தாவது, இடம். நாம் மே மாதத்தில் வெயிலில் புறப்பட்டு, ஜூன் மாதத்தில் மழையில் திரும்புகிறோம். ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்கிவிடும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்குரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரம் மறக்கவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்காத மழைக்காலம் அரிது. ஆகையால் பள்ளத்தில் நிறுத்தாமல், மேட்டுப் பாங்கான, நிழலுள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

திரும்பி வந்ததும் உடனே சார்ஜரைச் செருகாதீர்கள். பாட்டரி உப்பியிருக்கிறதா, வாடை வருகிறதா, தண்ணீர் புகுந்த அடையாளம் உண்டா என்று பாருங்கள். ஐயமிருந்தால் தொடாமல் நிலையத்தாரை அழையுங்கள். ஐயமில்லையானால் பகல் நேரத்தில், ஆள் அருகில் இருக்கும்போது முதல் மின்னேற்றம் செய்யுங்கள். இரும்பு பாஸ்பேட்டு வகை லித்தியமாயின், ஒரு முறை நூறு வரையில் ஏற்றினால் சதவிகிதம் காட்டும் கருவி தன் கணக்கைச் சரி செய்துகொள்ளும்.

அயலாரின் உயிரும் இதில் உண்டு

இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்திற்காக நிறுத்தியிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் உயிரிழந்தார்கள். அவ்வாண்டு நிகழ்ந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பின் ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாட்டரித் தரவிதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சு இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. விதி வந்தாலும், கெட்ட பாட்டரியைக் கள்ளத்தனமாக எழுப்பினால் எந்த விதியும் காக்காது. தாராவியில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவர். செம்பூர்க் காலனியில் மாடிப்படிக்கு அடியில் வண்டிகளை நிறுத்துகிறோம். தீ பிடித்தால் இறங்கும் வழியே அடைபட்டுவிடும். என் வண்டியை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பது என் அண்டை வீட்டாரின் உயிரைப் பொறுத்த காரியமாகிறது.

ஒரு சிறு விண்ணப்பம்

ரயில்வேயில் ஓடும் வண்டிக்கு விதிகள் இருப்பது போலவே நிற்கும் வண்டிக்கும் விதிகள் உண்டு. நிறுத்திய பெட்டிகளுக்குக் கைப்பிரேக்கு இட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, சங்கிலியிட்டுப் பூட்டிய பிறகே பொறுப்புள்ளவர் அங்கிருந்து நகரலாம். நின்றுவிட்டதனாலே ஒரு வண்டி நம் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். காலனி தோறும் காவலாளியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஊருக்குப் போகிறவர் அதில் வண்டி எண், பாட்டரி வகை, நிறுத்திய நாள், நிறுத்தியபோதிருந்த சதவிகிதம், சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்னும் ஐந்தையும் எழுதிவிட்டுப் போகட்டும். விடுமுறையில் இங்கேயே தங்கும் நம் இளைஞர்கள் இருவர், பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்த வண்டிகளைப் பார்த்து எழுதட்டும். முப்பதுக்குக் கீழே இறங்கியதைப் பகலில், உடனிருந்து, ஐம்பது வரையில் ஏற்றட்டும். மழை நீர் சேர்ந்தால் மேட்டுக்கு நகர்த்தட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

எங்கள் காலனியில் இதனை இந்தக் கோடையிலேயே தொடங்கிவிட்டோம். அண்ணாச்சிதான் மேற்பார்வை. பதினொரு வண்டிகள் புத்தகத்தில் ஏறின. பதினொன்றும் உரியவர் வந்து சாவியைத் திருப்பியபோது விழித்தெழுந்தன. எங்கள் வீட்டில் புதிய பாட்டரிக்கான கடன் இன்னும் எட்டுத் தவணை இருக்கிறது. என் மனைவி விடியற்காலையில் மாவுப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது, சதவிகிதத்தைப் பார்த்துச் சொல்வது இப்போது என் வேலையாகிவிட்டது.

பிழைக்க வந்த ஊரில் நாம் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் வாழ்ந்திருக்கிறோம். துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் அதே கை, கீழே நிற்கும் வண்டியின் உறையையும் ஒரு முறை நீக்கிப் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.

வாழ்க தமிழ்!